கூட்டத்தின் துணிவும் கேமராவின் கணக்கும்

ஒரு போராட்டத்துக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தேவைகள் உண்டு. அதில் கலந்துகொள்வோர் பலராகத் தென்பட வேண்டும். அதே வேளையில், அவர்களில் எவரும் தனி ஒருவராகப் பிரித்து அடையாளம் காணப்பட்டுவிடக் கூடாது. பலராகத் தென்படாவிட்டால் ஆட்சியாளர்கள் செவிசாய்க்க மாட்டார்கள். தனியாக அடையாளம் காணப்பட்டால் வேலை, படிப்பு, கடவுச்சீட்டு, குடும்பத்தின் நிம்மதி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று மறுநாளே கேள்விக்குறியாகலாம். இந்த இரு தேவைகளையும் ஒரே நேரத்தில் நிறைவேற்றிக் கொடுத்தது கூட்டம் என்கிற பழைய ஏற்பாடு. ஆயிரம் பேருக்கு நடுவே நிற்பவர் கண்ணுக்குத் தெரிகிறார். ஆனால், யாரென்று தெரிவதில்லை.

இந்த ஏற்பாடு இப்போது குலைந்துவருகிறது. கம்பத்தின் உச்சியில் இருக்கும் கேமரா இனிக் கூட்டத்தைக் கூட்டமாகப் பார்க்க வேண்டியதில்லை. அதனோடு இணைந்த கணினி, கூட்டத்தைத் தனித்தனி முகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயரைத் தேட வல்லது. ‘செயற்கைப் பார்வை’ எனப்படும் இந்த அறிவியல் மருத்துவத்திலும் வேளாண்மையிலும் போக்குவரத்திலும் அரிய பணிகளைச் செய்துவருகிறது. ஆனால், போராட்டக் களத்தில் அது என்ன செய்கிறது என்பதை அறிய, கேமராவைப் பற்றி மட்டும் தெரிந்திருந்தால் போதாது. மனிதர்கள் ஏன், எப்போது தெருவுக்கு வருகிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஏன் தெருவுக்கு வருகிறார்கள்?

நான் பல ஆண்டுகள் வகுப்பறையில் கற்பித்த பொருளியலின்படி, போராட்டம் என்பது நடக்கவே கூடாத ஒன்று. அமெரிக்கப் பொருளியல் அறிஞர் மன்சர் ஓல்சன் 1965-இல் வெளியிட்ட ‘கூட்டுச் செயல்பாட்டின் தர்க்கம்’ என்னும் நூல் இந்தச் சிக்கலை எடுத்துரைத்தது. போராட்டம் வென்றால் கிடைக்கும் ஊதிய உயர்வோ உரிமையோ எல்லோருக்கும் கிடைக்கும். வீட்டில் படுத்துறங்கியவருக்கும் கிடைக்கும். தோற்றால் அடிபடுபவர் களத்துக்குப் போனவர் மட்டுமே. அப்படியிருக்க, தன் நலனைக் கணக்கிட்டுப் பார்க்கும் ஒருவர் எதற்காகப் போக வேண்டும்? இதைப் பாடமாக நடத்தும்போது, “அப்படியானால் சுதந்திரப் போராட்டம் எப்படி நடந்தது ஐயா?” என்று யாரேனும் ஒரு மாணவர் தவறாமல் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான்.

அதற்கு மிக எளிமையான விடைகளுள் ஒன்றைச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978-இல் அளித்தார். ஒருவர் தனக்குள் போடும் கணக்கு நிலையானதன்று. மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும். ஒவ்வொருவருக்கும் ஒரு ‘வரம்பு’ இருக்கிறது. “இத்தனை பேர் இறங்கினால் நானும் இறங்குவேன்” என்கிற எண்ணே அந்த வரம்பு. யார் வந்தாலும் வராவிட்டாலும் இறங்குபவரின் வரம்பு பூஜ்யம். பத்துப் பேர் முன்னால் நின்றால்தான் வருவேன் என்பவருடைய வரம்பு பத்து.

ஒரு சதுக்கத்தில் நூறு பேர் நிற்பதாகக் கொள்வோம். முதலாமவரின் வரம்பு பூஜ்யம், இரண்டாமவருடையது ஒன்று, மூன்றாமவருடையது இரண்டு, இப்படியே நூறாமவரின் வரம்பு தொண்ணூற்றொன்பது. முதலாமவர் இறங்குகிறார், அவரைப் பார்த்து இரண்டாமவர், இருவரையும் பார்த்து மூன்றாமவர். சற்று நேரத்தில் நூறு பேரும் களத்தில் இருப்பார்கள். இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்வோம். இரண்டாமவரின் வரம்பு ஒன்றிலிருந்து இரண்டாக உயர்கிறது. முதலாமவர் இறங்கியதும் இரண்டாமவர் தயங்கி நிற்பார். அவர் நின்றுவிட்டதால் மூன்றாமவரும் நிற்பார். கடைசியில் களத்தில் இருப்பவர் ஒரே ஒருவர். செய்தியாளர் ஒருவர் முதல் சதுக்கத்தைப் பார்த்து “மக்கள் கொந்தளிப்பு” என்றும், இரண்டாவதைப் பார்த்து “தனிமனிதரின் கூச்சல்” என்றும் எழுதக்கூடும். உண்மையில் இரண்டு சதுக்கங்களிலும் உள்ள மனக்குறை ஏறத்தாழ ஒன்றேதான். ஒருவருடைய தயக்கம் ஒரு படி கூடியது, அவ்வளவே வேறுபாடு.

பொருளியலாளர் தைமூர் குரான் இதனோடு இன்னொரு செய்தியைச் சேர்த்தார். அச்சம் நிலவும் சமூகத்தில் மக்கள் தம் உண்மையான விருப்பத்தை மறைத்து, பாதுகாப்பான ஒன்றை வெளியே சொல்கிறார்கள். எல்லோரும் மறைப்பதால், அதிருப்தி கொண்ட ஒவ்வொருவரும் தாம் மட்டுமே அப்படி நினைப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். தெருவில் ஒரு கூட்டம் திரளும்போதுதான் “என்னைப் போல் இத்தனை பேரா?” என்னும் வியப்பு பிறக்கிறது. அந்த வகையில், ஆட்சியாளருக்கு விடுக்கும் செய்தியாக இருப்பதற்கு முன்பே, மக்கள் ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ளும் செய்தியாகப் போராட்டம் இருக்கிறது.

லைப்சிக் நகரின் திங்கட்கிழமைகள்

இந்தக் கோட்பாடுகளைச் சோதித்துப் பார்க்க வரலாறு தந்த சிறந்த எடுத்துக்காட்டு, 1989-இல் கிழக்கு ஜெர்மனியின் லைப்சிக் நகரம். அங்குள்ள புனித நிக்கோலஸ் தேவாலயத்தில் திங்கள்தோறும் மாலையில் அமைதிக்கான வழிபாடு நடக்கும். அவ்வாண்டு செப்டம்பரில் வழிபாடு முடிந்து வெளியே வந்த சிலர் முழக்கமிட்டார்கள், கைதானார்கள். அடுத்தடுத்த திங்கட்கிழமைகளில் எண்ணிக்கை கூடியது. செப்டம்பர் இறுதியில் சில ஆயிரம். அக்டோபர் 9 அன்று ஏறத்தாழ 70,000. அடுத்த வாரம் ஒரு லட்சத்தைத் தாண்டியது. அதற்கடுத்த வாரம் இன்னும் பன்மடங்கு. நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. அரசியல் அறிஞர் சூசன்னே லோமான் பின்னாளில் இந்தத் திங்கட்கிழமைகளை ஆராய்ந்து, ஒவ்வொரு வாரத்துக் கூட்டமும் அடுத்த வாரம் வரலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தகவலாகப் பயன்பட்டதை விளக்கினார்.

அக்டோபர் 9 அன்று என்ன நடக்கும் என்று யாருக்கும் தெரியாது. அவ்வாண்டு ஜூனில் பெய்ஜிங்கின் தியனான்மென் சதுக்கத்தில் நடந்தது எல்லோர் நினைவிலும் இருந்தது. ஆயிரக்கணக்கான பாதுகாப்புப் படையினர் நகருக்குள் நிறுத்தப்பட்டிருந்தார்கள். அந்த இரவில் அராம் ராடோம்ஸ்கி, சீக்பெர்ட் ஷெஃப்கே என்னும் இருவர் இன்னொரு தேவாலயத்தின் கோபுரத்தில் ஏறிப் பதுங்கியிருந்து, கீழே சென்ற ஊர்வலத்தை வீடியோ கேமராவில் பதிவுசெய்தார்கள். அந்த ஒளிப்படச் சுருள் கள்ளத்தனமாக மேற்கு ஜெர்மனிக்குச் சென்றது. மறுநாள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. எல்லைக்கு இப்பால் மேற்கத்தியத் தொலைக்காட்சியைப் பார்த்துவந்த கிழக்கு ஜெர்மானியர்கள் அதைக் கண்டார்கள்.

அந்தப் படத்தில் இருந்தது என்ன? உயரத்திலிருந்து, இருளில், தெரு நிறைய நகரும் மனிதத் திரள். கூட்டம் எவ்வளவு பெரிது என்பது தெரிந்தது. ஒருவர் முகமும் தெரியவில்லை. ஒரு போராட்டத்துக்குக் கேமரா செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி அதுவே. இன்றைய செயற்கைப் பார்வை இதை அப்படியே தலைகீழாக்குகிறது. அது கூட்டத்தின் அளவை விட்டுவிட்டு முகத்தைப் பிடித்துக்கொள்கிறது.

கண்காணிப்பின் விலை

கிழக்கு ஜெர்மனி கண்காணிப்பில் சளைத்த நாடன்று. ‘ஸ்டாசி’ எனப்பட்ட அதன் உளவுத் துறையில், அரசு கவிழ்ந்தபோது ஏறத்தாழ 91,000 முழுநேர ஊழியர்கள் இருந்தார்கள். அவர்கள் போக, 1,70,000-க்கும் மேற்பட்ட இரகசியத் தகவலாளர்கள் இருந்தார்கள். இவை யாவும் ஏறத்தாழ 1.6 கோடி மக்களைக் கண்காணிப்பதற்கு. அப்படியிருந்தும் லைப்சிக்கின் 70,000 பேரைத் தனித்தனியே பெயரோடு பட்டியலிட அதனால் இயலவில்லை. ஒருவரைப் பின்தொடர ஓர் ஆள் வேண்டும். அவருக்கு ஊதியம் வேண்டும். அவர் எழுதும் அறிக்கையைப் படிக்க இன்னோர் ஆள் வேண்டும்.

பொருளியல் படித்தவனின் கண்ணில் இதுவே முதலில் படுகிறது. குடிமக்களின் சுதந்திரத்தைச் சட்டங்கள் மட்டும் காப்பாற்றவில்லை. கண்காணிப்புக்கு ஆகும் செலவும் காப்பாற்றியது. எந்த அரசிடமும் எல்லோரையும் பார்க்கும் அளவுக்குப் பணமும் ஆளும் இல்லை. ஆகவே, யாரைப் பார்ப்பது என்று அது தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. தலைவர்களையும் அமைப்பாளர்களையும் பின்தொடர்ந்தது. பின்வரிசையில் நின்ற ஆசிரியரும் கடைக்காரரும் தப்பினார்கள். முகத்தை அடையாளம் காணும் மென்பொருள் இந்தச் செலவை ஏறத்தாழ இல்லாமலே ஆக்கிவிட்டது. கேமராவும் கணினியும் ஒருமுறை நிறுவப்பட்டுவிட்டால், பத்தாயிரத்து ஓராவது முகத்தைத் தேடுவதற்கு ஆகும் கூடுதல் செலவு மிகமிகச் சொற்பம். ஒரு பொருளின் விலை இப்படிச் சரிந்தால் அதன் நுகர்வு பெருகும் என்பது எங்கள் துறையின் முதல் பாடம்.

எண்களாக மாறும் முகம்

இயந்திரம் எப்படிப் பார்க்கிறது? அதற்கு முகம் என்று ஒன்று கிடையாது. டிஜிட்டல் படம் என்பது சின்னஞ்சிறு புள்ளிகளின் கட்டம். ஒவ்வொரு புள்ளியின் ஒளியளவும் பொதுவாக 0 முதல் 255 வரையிலான எண்களால் குறிக்கப்படுகிறது. அந்த எண்களின் குவியலுக்குள் கண், மூக்கு, தாடை ஆகியவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதற்கான குறிப்பு உயிரியலிலிருந்து வந்தது. டேவிட் ஹியூபெல், டார்ஸ்டன் வீசல் ஆகிய இருவரும் 1950-களின் இறுதியிலிருந்து பூனையின் மூளையில் பார்வைப் பகுதியை ஆராய்ந்தார்கள். அங்குள்ள நரம்பணுக்களுள் சில, குறிப்பிட்ட கோணத்தில் சாய்ந்த கோடுகளையோ விளிம்புகளையோ காணும்போது மட்டும் கிளர்ச்சியுறுவதைக் கண்டார்கள். எளிய கூறுகளைக் காணும் அணுக்களின் மேல் சிக்கலான கூறுகளைக் காணும் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கும் என்னும் கருத்து இதிலிருந்து வளர்ந்தது. அவர்கள் 1981-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அதற்கு முந்தைய ஆண்டு ஜப்பானிய அறிஞர் குனிஹிகோ ஃபுகுஷிமா இந்த அடுக்கு முறையைப் பின்பற்றி ஒரு கணினி அமைப்பை வடிவமைத்திருந்தார். யான் லெகுனும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1989-இல் அத்தகைய ஓர் அமைப்பைக் கையெழுத்து எண்களைப் படிக்கப் பழக்கினார்கள்.

ஆயினும், நீண்ட காலம் இவை ஆய்வகத்தைத் தாண்டிப் பெரிதாகப் பரவவில்லை. பழக்குவதற்குப் போதிய படங்களும் கணினி ஆற்றலும் அன்று இல்லை. இணையம் படங்களைக் கோடிக்கணக்கில் குவித்த பின்னர் நிலைமை மாறியது. ‘இமேஜ்நெட்’ என்னும் படத் தொகுப்பை வைத்து நடந்த போட்டியில், 2012-இல் டொரன்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்களின் அமைப்பு, படங்களை இனங்காண்பதில் நேரும் பிழையை ஏறத்தாழ 26 விழுக்காட்டிலிருந்து 15 விழுக்காட்டுக்கு இறக்கியது. இரண்டே ஆண்டுகளில் ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வாளர்கள், இரண்டு ஒளிப்படங்களில் உள்ளவர் ஒருவரே தானா என்று சொல்லும் சோதனையில் 97.35 விழுக்காடு சரியான விடை கிடைத்ததாக அறிவித்தார்கள். அது மனிதர்களின் திறனுக்கு மிக அருகில் இருந்தது.

இந்த அமைப்புகளின் உள்வேலை இதுதான். கணினி ஒரு முகத்தை எண்களின் ஒரு வரிசையாக மாற்றுகிறது. கூகுள் ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட புகழ்பெற்ற அமைப்பில் ஒரு முகத்துக்கு 128 எண்கள். ஒருவரின் வெவ்வேறு படங்களுக்குக் கிடைக்கும் எண்வரிசைகள் ஒன்றுக்கொன்று நெருக்கமாகவும், வெவ்வேறு ஆள்களின் எண்வரிசைகள் விலகியும் இருக்கும்படி கணினி பழக்கப்படுகிறது. தெருவில் பிடித்த முகத்தின் எண்வரிசையைக் கோப்பிலுள்ள லட்சக்கணக்கான எண்வரிசைகளோடு ஒப்பிட்டு, “இது இன்னாரோடு இத்தனை அளவு ஒத்துப்போகிறது” என்று அது சொல்கிறது. கணினி தருவது ஒப்புமையின் அளவு மட்டுமே. “இவர்தான் அவர்” என்ற முடிவை எடுப்பவர், எவ்வளவு ஒத்துப்போனால் போதும் என்று வரையறுத்த மனிதர்.

இயந்திரத்துக்கும் ஒரு வரம்பு

ஆக, போராட்டக்காரருக்கு ஒரு வரம்பு இருப்பதைப் போலவே இயந்திரத்துக்கும் ஒரு வரம்பு இருக்கிறது. அதைத் தாழ்த்தினால் தேடப்படுபவர் தப்ப மாட்டார். ஆனால், தொடர்பில்லாத பலர் சிக்குவார்கள். உயர்த்தினால் அப்பாவிகள் தப்புவார்கள், தேடப்படுபவரும் நழுவக்கூடும். எதை எந்த அளவில் வைப்பது என்பது அறிவியல் தீர்மானிக்கும் செய்தியன்று.

2017 ஜூனில் பிரிட்டனின் கார்டிஃப் நகரில் நடந்த சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதியாட்டத்தின்போது தெற்கு வேல்ஸ் காவல் துறை இந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியது. கணினி 2,470 முறை “ஆள் கிடைத்துவிட்டார்” என்றது. அவற்றுள் 2,297 தவறு. படங்களின் தரக்குறைவையும் காவல் துறை ஒரு காரணமாகக் கூறியது. அதன் பின்னர் மென்பொருள்கள் வெகுவாக மேம்பட்டுள்ளன. எனினும், இதன் அடியில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஒரு லட்சம் பேர் கூடும் இடத்தில் தேடப்படுபவர் பத்துப் பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்தில் ஒருமுறைதான் பிழைக்கும் மிக நல்ல இயந்திரமும் ஏறத்தாழ நூறு அப்பாவிகளைச் சுட்டிக்காட்டும். தேடப்படுபவர் பத்துப் பேரும் சிக்கினாலும், பிடிபட்டவர்களில் பெரும்பாலோர் குற்றமற்றவர்களே.

பிழை எல்லோர் மீதும் சமமாக விழுவதும் இல்லை. ஜாய் புவோலாம்வினி, டிம்னிட் கெப்ரு ஆகிய இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு, முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தது. வெள்ளைத் தோல் ஆண்களிடத்தில் பிழை அதிகபட்சம் 0.8 விழுக்காடு. கருந்தோல் பெண்களிடத்தில் அது 34.7 விழுக்காடு வரை சென்றது. எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்களோ அந்த முகங்களையே இயந்திரம் நன்றாகப் பார்க்கும்.

டெல்லிக் காவல் துறையின் நடைமுறை இங்கு எண்ணிப் பார்க்கத் தக்கது. 80 விழுக்காட்டுக்கு மேல் ஒத்துப்போகும் முகங்களைப் பொருந்தியவையாகக் கருதுவதாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கப்பட்ட கேள்விக்கு 2022-இல் அது பதிலளித்தது. ஏன் 80? ஏன் 90 இல்லை? 95 இல்லை? ஒரு குடிமகன் கைதாவதும் வீடு திரும்புவதும் சார்ந்திருக்கும் அந்த எண்ணை எந்தச் சட்டமன்றமும் விவாதித்து நிர்ணயிக்கவில்லை.

இரண்டு வரம்புகளும் சந்திக்கும் இடம்

பிழைகளைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் ஒரு பொறியில் சிக்கிக்கொள்வோம். “நாளை பிழையே செய்யாத இயந்திரம் வந்துவிடும், அப்போது உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே?” என்று கேட்பார்கள். என்னைப் பொறுத்தவரை, போராட்டக் களத்தில் பிழையற்ற இயந்திரமே கூடுதல் கவலைக்குரியது. கிரானோவெட்டரின் சதுக்கத்தை மீண்டும் எண்ணிப் பார்ப்போம். பூஜ்ய வரம்பு கொண்ட முதலாமவரைக் கேமரா தடுக்காது. சிறைக்கே அஞ்சாதவர் கேமராவுக்கா அஞ்சுவார்? அது இரண்டாமவரின் வரம்பை உயர்த்துகிறது. பத்தாமவரின் வரம்பையும் ஆயிரமாவது ஆளின் வரம்பையும் உயர்த்துகிறது. சங்கிலி தொடங்கும் இடத்திலேயே அறுந்துபோகிறது. தடியடி இல்லை, கண்ணீர்ப் புகை இல்லை, கைதும் இல்லை. சதுக்கம் வெறுமையாக இருப்பதைப் பார்க்கும் ஆட்சியாளர், மக்கள் மனநிறைவோடு இருப்பதாக எண்ணிக்கொள்கிறார். குரான் சொன்ன மறைப்பு நிரந்தரமாகிவிடுகிறது.

மாஸ்கோவில் நடந்ததைப் பாருங்கள். 2019 ஆகஸ்டில் நிகோலாய் குளூகின் என்பவர், சிறைப்பட்டிருந்த ஓர் எதிர்ப்பாளரின் ஆளுயர அட்டை உருவத்தோடு மெட்ரோ ரயிலில் தன்னந்தனியாகப் பயணம் செய்தார். யாருக்கும் இடையூறு இல்லை. சமூக ஊடகத்தில் வெளியான படங்களைக் கொண்டு காவல் துறை அவரை அடையாளம் கண்டது; சில நாள்கள் கழித்து மெட்ரோவிலேயே பிடித்தது. 20,000 ரூபிள் அபராதம் விதிக்கப்பட்டது. அமைதியான எதிர்ப்பைத் தெரிவித்தவரைப் பிடிக்க முக அடையாளத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தியது அவருடைய அந்தரங்க உரிமையையும் கருத்துரிமையையும் மீறியது என்று ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2023 ஜூலையில் தீர்ப்பளித்தது.

ஹாங்காங்கில் அதே 2019-இல் போராடியவர்கள் முகமூடி அணிந்தார்கள். குடைகளால் கேமராக்களை மறைத்தார்கள். அவற்றின் மீது லேசர் ஒளியைப் பாய்ச்சினார்கள். ஆகஸ்டில் ஒரு நாள் ‘திறன்மிகு’ விளக்குக் கம்பங்களை அறுத்துச் சாய்த்தார்கள். அவை போக்குவரத்து, வானிலை போன்ற தகவல்களைத் திரட்டுபவை. முகங்களை அடையாளம் காணும் வசதி அவற்றில் இல்லை என்று அரசு விளக்கியது. மக்கள் நம்பவில்லை. அக்டோபரில் முகமூடிக்குத் தடை வந்தது. உளவியல் நோக்கில் இது முக்கியமான பாடம். கேமரா உண்மையில் என்ன செய்கிறது என்பதைவிட, அது என்ன செய்யக்கூடும் என்று மக்கள் நம்புகிறார்களோ அதுவே அவர்களுடைய வரம்பை நிர்ணயிக்கிறது. விதிகள் வெளிப்படையாக இல்லாத இடத்தில் மனம் மோசமானதையே எதிர்பார்க்கும்.

மறைக்க என்ன இருக்கிறது?

“நேர்மையாகப் போராடுபவர் ஏன் முகத்தை மறைக்க வேண்டும்? காந்தியடிகள் மறைத்தாரா?” என்று கேட்கலாம். தக்க கேள்வி. சட்டத்தை மீறப்போவதை வைஸ்ராய் இர்வினுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதித் தெரிவித்துவிட்டுத் தண்டிக்குப் புறப்பட்டவர் அவர். அவருடைய வழியில் 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்த ராஜாஜியும் தொண்டர்களும் முகத்தை மறைக்கவில்லை.

ஆனால், அந்தப் பயணத்தின் மறுபாதியை நாம் மறந்துவிடுகிறோம். தொண்டர்களுக்கு உணவோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்தார். ஊர் மக்கள் சோற்றுப் பொட்டலங்களை வழியோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள் என்பது வரலாறு. அந்தப் பொட்டலங்களைக் கட்டியவர்கள் யார்? பெயர் தெரியாது. சிறை செல்லத் துணிந்தவர்கள் நூறு பேர். சிறைக்குச் செல்லும் நிலையில் இல்லாமல், பிள்ளைகுட்டிகளோடும் நிலபுலன்களோடும் கட்டுண்டு, ஆனாலும் தம் பங்குக்கு ஏதேனும் செய்ய விரும்பியவர்கள் பல நூறு பேர். தலைவர்களின் துணிவு வெளிச்சத்தில் நின்றது. அதைத் தாங்கிய சாதாரண மக்களின் துணிவு இருட்டில்தான் இயங்க முடிந்தது. ஒவ்வொரு மரத்தடியிலும் ஒரு கேமரா இருந்திருந்தால் எத்தனை பொட்டலங்கள் தொங்கியிருக்கும்?

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். கூட்டம் எப்போதும் நல்லதையே செய்வதில்லை. பெயர் தெரியாத நிலை துணிவைத் தருவது போலவே கொடுமைக்கும் திரையாகிறது. கடைக்குத் தீ வைத்தவரையும் ஆளைக் கொன்றவரையும் கண்டுபிடிப்பது அரசின் கடமை. பாதிக்கப்பட்டவருக்கும் நீதி வேண்டும். கேமரா எப்போதும் அரசின் கையிலேயே இருப்பதும் இல்லை. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2020 மே மாதம் ஜார்ஜ் ஃபிளாய்டு கொல்லப்பட்டதை உலகுக்குக் காட்டியது, வழியில் நின்ற ஒரு பெண்ணின் கைப்பேசி.

2020 பிப்ரவரியில் டெல்லியின் வடகிழக்குப் பகுதியில் நிகழ்ந்த கலவரத்தில் 53 பேர் உயிரிழந்தார்கள். வாக்காளர் அடையாள அட்டை, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் தரவுகளோடு ஒப்பிட்டு 1,100-க்கும் மேற்பட்டவர்களை மென்பொருள் வழியாக அடையாளம் கண்டதாக உள்துறை அமைச்சர் மார்ச்சில் மக்களவையில் தெரிவித்தார். கொலைகாரர்களைத் தேடுவதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால், வாக்களிப்பதற்கும் வண்டி ஓட்டுவதற்கும் கொடுத்த படம் காவல் துறையின் தேடல் பட்டியலாக மாறலாம் என்று அதைக் கொடுத்தவருக்கு யாரும் சொல்லவில்லை. அந்த மென்பொருளையே டெல்லிக் காவல் துறை முதலில் வாங்கியது காணாமற்போன குழந்தைகளைக் கண்டுபிடிப்பதற்காக. ஒரு நோக்கத்துக்காக வாங்கிய கருவி, எந்தப் புதிய சட்டமும் இல்லாமல் இன்னொரு நோக்கத்துக்கு நகர்கிறது. தமிழ்நாடு உள்ளிட்ட பல மாநிலங்களின் காவல் துறைகளிடமும் இன்று இத்தகைய மென்பொருள்கள் இருப்பதால் இது தலைநகரின் கவலை மட்டுமன்று.

சட்டம் செய்ய வேண்டியது

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதில் தலையிட வேண்டுமானால் ஒரு சட்டம் இருக்க வேண்டும்; நியாயமான நோக்கம் இருக்க வேண்டும்; தலையீடு நோக்கத்துக்கு ஏற்ற அளவில் இருக்க வேண்டும். முக அடையாளத் தொழில்நுட்பத்தைப் பொறுத்தவரை நாம் முதல் படியையே ஏறவில்லை. அதற்கென நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டம் இல்லை. 2023-இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க இடம் தருகிறது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையை அரசமைப்புச் சட்டத்தின் 19-ஆம் கூறு வழங்குகிறது. கூடுவதற்கே அஞ்சும் நிலையில் அந்த உரிமையால் பயன் என்ன?

பிறர் சென்ற வழி நமக்கு உதவும். தெற்கு வேல்ஸ் காவல் துறைக்கு எதிராக எட்வர்டு பிரிட்ஜஸ் என்பவர் தொடுத்த வழக்கில், அவர் கலந்துகொண்ட ஓர் எதிர்ப்புக் கூட்டத்தில் கேமரா பயன்படுத்தப்பட்டதும் விவாதத்துக்கு வந்தது. யாரைத் தேடல் பட்டியலில் சேர்ப்பது, கேமராவை எங்கே நிறுத்துவது ஆகியவற்றைக் காவலர்களின் விருப்பத்துக்கு மிகையாக விட்டிருப்பது சட்டத்துக்குப் புறம்பானது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020-இல் கூறியது. பொது இடங்களில் நேரடியாக முகங்களை அடையாளம் காண்பதைக் காவல் பணிக்குப் பயன்படுத்துவதை, குறிப்பிட்ட சில விலக்குகள் நீங்கலாக, ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024 சட்டம் தடைசெய்கிறது.

நமக்கு வேண்டியவை அதிகமில்லை. அமைதியான கூட்டங்களின் மீது இந்தத் தொழில்நுட்பத்தைத் திருப்பக் கூடாது என்று சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டும். வன்முறை நிகழ்ந்தால், குறிப்பிட்ட குற்றத்துக்காக, குறிப்பிட்ட ஆளைத் தேட, நீதிபதியின் அனுமதி பெற்றுப் பயன்படுத்தலாம். மென்பொருளின் பொருத்தம் மட்டுமே கைதுக்குக் காரணமாகக் கூடாது. தனிச் சான்று வேண்டும். தேடலில் பொருந்தாத முகங்களின் பதிவுகள் உடனே அழிக்கப்பட வேண்டும். எந்த வரம்பில் தேடினார்கள், எத்தனை முறை பிழைத்தது என்னும் கணக்கு ஆண்டுதோறும் சட்டமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

இவை போராடுபவர்களின் நலனுக்காக மட்டும் கேட்கப்படுபவை அல்ல. விலை என்பது சந்தைக்குத் தகவல் தரும் கருவி என்று பொருளியல் கற்பிக்கிறது. அரசியலில் அந்த வேலையைத் தேர்தல்களுக்கு இடைப்பட்ட காலத்தில் செய்வது மக்களின் எதிர்ப்பு. அது எழும்ப முடியாமல் போனால் ஆட்சியாளருக்கும் உண்மை நிலவரம் தெரியாமல் போகும். 1989 அக்டோபர் தொடக்கத்தில் தன் நாற்பதாவது ஆண்டு விழாவைக் கோலாகலமாகக் கொண்டாடிய கிழக்கு ஜெர்மனி அரசிடம் நாட்டிலேயே மிகப் பெரிய தகவல் கிடங்கு இருந்தது. ஐந்து வாரங்களில் பெர்லின் சுவர் திறக்கும் என்னும் தகவல் அதில் இல்லை.

(கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர், பணி நிறைவு)